முதல் வகுப்பு டீச்சருக்கு என்ன எழுதுவது?

13 மார்ச் 2025, இரவு 9.50

நேராகக் கேட்டுவிடுகிறேன். 37 வருடம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்த ஒரு டீச்சர், அதில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பையே எடுத்தவர், மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். ஊர் சார்பில் பேனர். பத்துக்கு எட்டு. நடுவில் என்ன எழுதுவது?

கீரமங்கலம் பக்கம் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல் பிறந்தால் ஓய்வு பெறும் ஆசிரியர்களின் படங்கள் வரிசையாக வாட்ஸ்அப்பில் வந்து விழும். பின்னணியில் அருவி, மூலையில் இரண்டு புறா, கீழே ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்’. போட்டோவும் பெயரும்தான் மாறும். அதே டிசைனில் கூட்டுறவுச் சங்கச் செயலாளருக்கு அடித்திருக்கிறேன், அறுபதாம் கல்யாணத்துக்கும் அடித்திருக்கிறேன், ஒருவரும் குறை சொன்னதில்லை.

இந்த டீச்சருக்கு அந்த அருவியை வைக்க மனசு வரவில்லை. எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர். வேறு யாருக்கும் பொருந்தாத, அவருக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு வரி வேண்டும். உங்கள் ஊரில் என்ன எழுதினீர்கள்?

13 மார்ச், இரவு 10.15

ஒரு நிபந்தனை. ஏணி, தோணி, மெழுகுவர்த்தி மூன்றும் கூடாது.

14 மார்ச், காலை 7.05

விடிவதற்குள் ‘அறியாமை இருளகற்றிய அகல்விளக்கே’ அனுப்பிய அன்பருக்கு: மெழுகுவர்த்தியைத்தான் வேண்டாம் என்றேன், விளக்கைச் சொல்லவில்லை என்று வாதாடுவீர்கள். தெரியும். வேண்டாம்.

14 மார்ச், இரவு 11.00

“நல்லாசிரியர் விருது வாங்கியிருக்கிறாரா? அதைப் பெரிதாகப் போட்டுவிடலாமே” என்று அறந்தாங்கி நண்பர் கேட்கிறார். வாங்கவில்லை. வாங்காததற்குக் காரணம் சாதாரணம்: விண்ணப்பிக்கவில்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. அதிகாரிகள் ஊர் ஊராகத் தேடி வந்து நல்ல ஆசிரியரைக் கண்டுபிடித்துக் கழுத்தில் மாலை போடுவதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். மாநில விருதான டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது ஆண்டுக்கு முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கிடைக்கிறது. 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், பாராட்டுச் சான்று. அதற்கு விண்ணப்பம் உண்டு, மாவட்ட அளவில் குழு உண்டு, பரிந்துரை உண்டு. தேசிய விருது 1958 முதல் இருக்கிறது. அதிலும் 2018-இல் முறையை மாற்றி, ஆசிரியரே இணையத்தில் தன்னை முன்மொழியலாம் என்றார்கள். முன்பு முந்நூறைத் தாண்டிய எண்ணிக்கை, பள்ளி ஆசிரியர்களைப் பொறுத்தவரை இப்போது நாடு முழுமைக்கும் ஐம்பதுக்குள் அடங்கிவிட்டது. 50,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், ஜனாதிபதி கையால். 100 மதிப்பெண். செய்ததற்கெல்லாம் ஆவணம், போட்டோ, வீடியோ பதிவேற்ற வேண்டும்.

முறை தப்பு என்று சொல்ல வரவில்லை. சிபாரிசில் போவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு எதை போட்டோ எடுப்பது? மாடித் தோட்டம் போட்டால் படம் விழும், சுவரில் ஓவியம் தீட்டினால் விழும், ஸ்மார்ட் போர்டு வாங்கினால் விழும். ‘ழ’ வராத பையனுக்கு ‘ழ’ வந்ததைப் படம் எடுக்கச் சொன்னால் நான் எங்கே கேமராவை வைப்பேன்?

15 மார்ச், பிற்பகல் 3.20

மேலே எழுதியதை விருது வாங்கியவர்கள் மீதான வயிற்றெரிச்சலாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். இல்லை. 2020-இல் குளோபல் டீச்சர் பிரைஸ் வாங்கிய ரஞ்சித்சிங் டிசாலே, மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டம் பரிதேவாடி என்ற ஊரின் ஜில்லா பரிஷத் தொடக்கப் பள்ளி வாத்தியார்தான். பிள்ளைகளின் தாய்மொழி கன்னடம், பாடப் புத்தகம் வேறு மொழி. புத்தகத்தைக் கன்னடத்தில் பெயர்த்து, க்யூஆர் கோடு ஒட்டிப் பாடம் கேட்க வைத்தார். பரிசு பத்து லட்சம் டாலர். பாதியை இறுதிச் சுற்றில் தன்னோடு நின்ற ஒன்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்தார். விருது போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. அவர் செய்தது காட்டக்கூடிய வேலையாகவும் இருந்தது. காட்ட முடியாத வேலையை என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்று, சும்மா வேடிக்கைக்கு. செப்டம்பர் 5 ராதாகிருஷ்ணன் பிறந்தநாள், 1962 முதல் ஆசிரியர் தினம். அவர் தத்துவப் பேராசிரியர். மாநிலக் கல்லூரி, மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு. மூக்கு ஒழுகும் முப்பது பிள்ளைகளோடு ஒரு நாள் இருந்திருப்பாரா? 1848-இல் புனேயில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய சாவித்ரிபாய் புலே பெயரில் தொடக்கப் பள்ளிக்கென்று தனி விருது வைத்தால் நன்றாக இருக்கும்.

16 மார்ச், இரவு 8.40

டீச்சரையே கேட்டுவிட்டேன். “விருதுக்கு ஏன் டீச்சர் போடல?”

“ஃபைல் தைக்கணும்பா. அந்த நேரத்துல முட்டைக் கணக்கு எழுதிருவேன்.”

17 மார்ச்

முட்டைக் கணக்கு என்றால் என்ன என்று சிங்கப்பூரிலிருந்து ஓர் அக்கா கேட்கிறார். சத்துணவு முட்டைக் கணக்கு.

21 மார்ச், இரவு 10.30

‘அவருக்கு மட்டும் பொருந்துகிற வரி வேண்டும் என்கிறீர்களே, அவர் அப்படி என்னதான் செய்தார்’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. எனக்கு நினைவிருக்கிறதா என்று யோசித்தேன். வாசிக்கத் தெரியாத காலம் எப்படி இருந்தது என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் சார் நடத்திய பாடம் நினைவிருக்கிறது. ஒன்றாம் வகுப்பு மொத்தமும் அழிந்துபோய், வாசிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதனால் என் தங்கை மகளின் வகுப்பில் ஜன்னலோரம் நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

அ, ஆ-விலிருந்து தொடங்க மாட்டார். ட. மேலிருந்து ஒரு கோடு, அப்படியே பக்கவாட்டில் ஒரு கோடு. ஐந்து வயதுக் கைக்கு ‘அ’ ஒரு மலை, ‘ட’ இரண்டு இழுப்பு. அதன் வலப்பக்கம் ஒரு கோடு ஏற்றினால் ப. அதிலிருந்து கொஞ்சம் வளைத்தால் ம. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, புள்ளி ஒன்றைச் சேர்த்துவிடுவார். படம். மடம். பட்டம். மட்டம். பள்ளிக்கு வந்து கொஞ்ச நாளிலேயே பிள்ளை சொல்லாக வாசிக்கிறது. வீட்டுக்குப் போய் “அம்மா, நான் பட்டம் எழுதுவேன்” என்று சிலேட்டைத் தூக்கிக் காட்டுகிறது. உயிரெழுத்துப் பன்னிரண்டையும் ராகம் போட்டுப் பாடத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையால், வேனில் ஏறித் தனியார் பள்ளிக்குப் போகிற பிள்ளையால், அது முடியாது.

அடுத்தது கொம்பு. இதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. ‘கெ’ என்று எழுதினால் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாய் முதலில் சொல்ல வேண்டியது க. ‘கொ’ இன்னும் மோசம், முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் மாட்டிக்கொண்டு க. பிள்ளைகள் இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கும். டீச்சர் பிள்ளையின் இடதுகைப் பெருவிரலைப் பிடித்துக் கொம்பின் மேல் வைத்து மூடுவார். “இப்ப என்ன?” “க.” விரலை எடுப்பார். “இப்ப?” “கெ.” பத்துப் பதினைந்து எழுத்து இப்படியே போகும். அப்புறம் விரல் தானாகப் போய் மூடும். இன்னும் கொஞ்ச நாளில் விரலே வேண்டியிருக்காது.

போட்டோ எடுத்தால் ஒரு பிள்ளை புத்தகத்தில் கை வைத்திருப்பது மட்டும்தான் தெரியும்.

22 மார்ச், காலை 6.30

விட்டுப்போனது. பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைகள் உண்டு. படத்தைப் பார்த்ததும் கடகடவென்று வரும், விரல் வேறு வரியில் ஊர்ந்துகொண்டிருக்கும். பெற்றோர் பூரித்துப்போவார்கள். டீச்சர் கையில் ஒரு ஈர்க்குச்சி இருக்கும். பாடத்தின் நடுவில் ஒரு சொல்லில் வைப்பார். “இது?” முழிக்கும். அப்போது திட்டமாட்டார். கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கி வாசிக்கச் சொல்வார். பின்னோக்கிப் போனால் மனப்பாடம் செல்லாது, எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிகிறதா என்று ஏசர் ஆய்வு 2005-இலிருந்து ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிறது. ஒவ்வொரு அறிக்கைக்கும் தொலைக்காட்சியில் ஒரு வாரம் சண்டை நடக்கும். இந்த ஈர்க்குச்சியைப் பற்றி யாராவது பேசினால் தேவலை.

22 மார்ச், இரவு

பெருவிரல் வித்தை எந்தப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது என்று ஓர் இளம் ஆசிரியை கேட்கிறார். டீச்சரிடம் கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. “ஏதோ ஒரு புள்ள அப்படிப் பண்ணுச்சு, நான் புடிச்சிக்கிட்டேன்” என்றார்.

26 மார்ச், இரவு 9.15

சேர்க்கைப் பதிவேடு பற்றி ஒரு கிளைக்கதை. இந்த இழையில் இதற்கு வேலை இல்லைதான்.

எங்கள் ஊரில் நாற்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு மே மாதம் பிறந்தநாள். எல்லாரும் மேயில் பிறந்தவர்கள் இல்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், அதற்கு வசதியாக அந்தக் காலத்துத் தலைமையாசிரியர் போட்ட தேதி அது. என் அண்ணன் பாஸ்போர்ட், ஆதார், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அந்தத் தேதியில்தான் ஓடுகிறது. இந்த டீச்சர் வந்த பிறகு அம்மாக்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். “பெரிய மழை பேஞ்ச வருஷம், தை மாசம், வெள்ளிக்கிழமை” என்பார்கள். பஞ்சாங்கத்தை வைத்துத் தேதி கண்டுபிடித்து எழுதுவார்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தென்னையும் பலாவும் மட்டும் விழவில்லை, பள்ளி ஓடும் போனது. அந்தப் பதிவேடுகளைத் தாள் தாளாகப் பிரித்துத் திண்ணையில் கல் வைத்துக் காயப்போட்டிருந்தார்கள். ஊரே தன் பிறந்தநாளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

30 மார்ச், பிற்பகல் 2.00

‘தன்னலமற்ற தியாகத்தால் பதவி உயர்வையே துறந்தவர்’ என்று பேனரில் போடச் சொல்லி எங்கள் ஊர்க்காரர் ஒருவரே எழுதியிருக்கிறார். உண்மைதான், நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவி உயர்வு வந்தபோது வேண்டாம் என்று உரிமைவிடல் எழுதிக் கொடுத்தார். இன்று மதியம் அவரிடம் இதைச் சொன்னேன்.

சிரித்தார். “தியாகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பஸ் மாறணும். எங்க வீட்டுக்காரருக்கு அப்ப உடம்பு சரியில்ல.”

வாழ்நாள் வேலையைப் பாராட்டப் போகும்போது நாம் கொண்டுபோகிற தராசே கோணலோ என்று தோன்றுகிறது. தியாகம் இருந்தால்தான் பாராட்டு என்றால், வேலையை ஒழுங்காகத் தெரிந்துவைத்து, சம்பளம் வாங்கிக்கொண்டு, நேரத்துக்கு வந்து, நேரத்துக்குப் போனவரை எந்தக் கணக்கில் எழுதுவது? கொத்தனார் சுவரை நூல் பிடித்த மாதிரி கட்டினால் “நல்ல வேலைக்காரர்” என்கிறோம். தியாகி என்று சொல்வதில்லை. டீச்சரையும் நல்ல வேலைக்காரர் என்று சொன்னால் ஏன் குறைவாகப் படுகிறது?

31 மார்ச், இரவு 11.40

தனிச் செய்தியில் என் சொந்தக்காரப் பையன் ஒருவன் கேட்டதை அவன் அனுமதியோடு இங்கே போடுகிறேன். “அடிச்சதை எழுதுவியா?”

எழுதுகிறேன். அடிப்பார். தொண்ணூறுகளில் பூவரசங் குச்சி, முழங்காலுக்குக் கீழே. 2009 கல்வி உரிமைச் சட்டம் அடியைத் தடை செய்தது. அதற்குச் சில வருடம் முன்பே அவர் நிறுத்திவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள், சட்டத்துக்குப் பிறகுதான் என்று சிலர். நான் அவரிடம் கேட்கவில்லை, கேட்கத் துணிவு இல்லை. அந்தப் பையன் மூன்றாம் வகுப்போடு நின்றான். அடியால்தான் நின்றான் என்று அவன் சொல்கிறான். தோட்டத்து வேலைக்கு ஆள் இல்லாமல் நின்றான் என்று அவன் அம்மா சொல்கிறார். இரண்டும் இருக்கலாம். அவன் விழாவுக்கு வரமாட்டானாம். வரச் சொல்லி நானும் வற்புறுத்தப் போவதில்லை.

4 ஏப்ரல், இரவு 10.10

ஒரு நண்பர் கொடுத்த சுட்டியிலிருந்து படித்தது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1985-இல் ஒரு பெரிய சோதனை தொடங்கினார்கள். 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரித்துவிட்டார்கள். சில வகுப்பில் கூட்டம் குறைவு, சில வகுப்பில் வழக்கமான கூட்டம். எந்த டீச்சரிடம் எந்தப் பிள்ளை என்பதும் குலுக்கலில்தான். ராஜ் செட்டி என்ற பொருளாதார ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்தப் பிள்ளைகள் 27 வயதில் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று வரிக் கணக்குகளில் தேடி 2011-இல் வெளியிட்டார்கள்.

மழலையர் வகுப்பில் நல்ல வகுப்பு வாய்த்தவர்களுக்கு மதிப்பெண் கூடியது. இரண்டு மூன்று வருடத்தில் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் 27 வயதில் சம்பளத்தில் மறுபடி தலைகாட்டியது. அனுபவமுள்ள டீச்சரிடம் இருந்தவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். இடையில் அது எங்கே ஒளிந்திருந்தது? பரீட்சையில் அளக்காத பழக்கவழக்கங்களில், முயற்சியில் என்று ஊகிக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு விருது முறையை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு டீச்சரின் வேலையைச் சரியாக மதிப்பிட வேண்டுமானால், பிள்ளைக்கு 27 வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் டீச்சர் ஓய்வு பெற்றிருப்பார். தேசிய விருதில் ஓய்வு பெற்றவர்களுக்கு இடமில்லை, அந்த ஆண்டில் ஏப்ரல் 30 வரையாவது பணியில் இருந்திருக்க வேண்டும்.

5 ஏப்ரல், காலை

“அப்படியானால் நீ எவ்வளவு சம்பாதிக்கிறாய்?” என்று கேட்டவருக்கு: கலர் இங்க் விலையைக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.

9 ஏப்ரல், இரவு 9.00

பூச் சீசனைப் பற்றி ஆலங்குடி அன்பர் நினைவூட்டினார். எங்கள் பக்கம் மல்லிகையும் முல்லையும் விடியுமுன் பறிக்க வேண்டும், மொட்டு விரிந்தால் விலை இல்லை. பிள்ளைகள் பறித்துப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வரும். முதல் பாடவேளையில் பாதி வகுப்பு தூங்கி விழும். அந்த மாதங்களில் டீச்சர் காலையில் புது எழுத்து எடுக்க மாட்டார். கதை, பாட்டு, கையெழுத்து இவைதான். இடைவேளைக்குப் பிறகுதான் புதுசு. நாலாம் வாய்ப்பாட்டைக் கண்ணி கட்டுவதில் வைத்துச் சொல்லுவார். இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு, ஒரு முடிச்சு. அஞ்சு முடிச்சுக்கு எத்தனை மொட்டு? பூக்கட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் அதில் பெரியவர்களையே தோற்கடிக்கும்.

2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்து, அடுத்த வருடம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிந்தபோது முதலில் தெளிந்தது அந்த முதல் பாடவேளைதான் என்பார். “பசியில தூங்குனதையும் பூப்பறிச்சுத் தூங்குனதையும் நான் ஒண்ணா நெனச்சிருந்தேன்.”

13 ஏப்ரல், இரவு 10.50

விழா எப்படி நடத்துவது என்று ஊர்க்கூட்டம். மோதிரம் போடலாம் என்றார்கள். கல்விச் சீர் எடுக்கலாம் என்றார்கள், அதாவது தாம்பாளம், மேளம், பீரோ, நாற்காலி எல்லாம் ஊர்வலமாகப் பள்ளிக்கு. ஒருவர் மொய் விருந்து வைக்கலாம் என்றார். எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் கறி விருந்து வைத்து மொய் வாங்குவது தெரியும்தானே, வாங்கியதை அப்புறம் திருப்பிச் செய்தாக வேண்டும். டீச்சருக்கு மொய் எழுதினால் அவர் யார் யாருக்குத் திருப்பிச் செய்வது, 37 வருடப் பிள்ளைகள் அத்தனை பேர் வீட்டு விசேஷத்துக்குமா என்று ஒரு பெரியவர் கேட்டதில் கூட்டம் கலகலத்துவிட்டது.

சிரித்து முடித்த பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார். “இங்க ஒக்காந்திருக்கவுங்கள்ல எத்தன பேரு புள்ள அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குது?”

பதில் இல்லை. காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன் எங்கள் கடைத்தெருவில் நின்று ஏற்றிக்கொண்டு போகிறது. டீச்சரைத் தெய்வம் என்று பேசப் போகிறவர்களின் பேரப்பிள்ளைகள் அதில்தான் இருக்கிறார்கள். காரணம் கேட்டால் இங்கிலீஷ் என்பார்கள். நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வேன் பிள்ளைகளில் சிலர் சாயங்காலம் டீச்சர் வீட்டுத் திண்ணைக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். காசு வாங்குவதில்லை.

20 ஏப்ரல், இரவு 9.30

கூட்டத்தில் பேசியதையெல்லாம் டீச்சரிடம் போய்ச் சொன்னோம். மோதிரத்துக்கு வாய் திறக்கவில்லை. கல்விச் சீருக்குத் தலையாட்டினார். பிறகு ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்.

அது ஒரு மனு. தன் இடத்துக்கு ஆள் போட வேண்டும் என்று ஊர் சார்பில் கொடுக்க வேண்டிய மனு. கையெழுத்து அவருடையது, கீழே ஒப்பமிட ஊர்க்காரர்களுக்கு இடம் விட்டிருந்தார். “நான் குடுத்தா என் சொந்த விசயம் மாதிரி ஆயிரும். நீங்க குடுங்க.”

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் இருக்க வேண்டும். ஆனால் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் எப்போது நிரம்பும் என்பது கலந்தாய்வு, பணி நிரவல், காலிப் பணியிடப் பட்டியல் என்று பல கதவுகளைத் தாண்டித் தெரிய வேண்டிய சங்கதி. நடுவில் ஒரு பருவம் போனாலும் ஒன்றாம் வகுப்புக்கு அது பெரிய இழப்பு. “ட, ப, ம சொல்லிக்குடுக்க ஜூன்ல ஆள் வேணும். செப்டம்பர்ல வந்து பொன்னாடை போத்துனா எனக்கென்ன?”

உடன் வந்த பஞ்சாயத்துக்காரர் உடனே போனை எடுத்தார். அவ்வளவு நேரம் மோதிரம் எத்தனை கிராம் என்று பேசியவர்.

21 ஏப்ரல்

பலர் கேட்டதால்: மனுவின் நகலை இங்கே போட முடியாது, ஊர்ப் பெயர் இருக்கிறது. உள்ளடக்கம் எளிமைதான். பிள்ளைகள் எண்ணிக்கை வகுப்புவாரியாக, ஓய்வு பெறும் தேதி, கல்வி உரிமைச் சட்ட விகிதம், கோரிக்கை. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தை இணைத்தால் கனம் கூடும் என்று டீச்சரே சொன்னார். தீர்மானம் போட்டாயிற்று.

27 ஏப்ரல், இரவு 8.15

இந்தப் பள்ளியின் இன்னொரு ஆசிரியர், நாங்கள் சின்ன சார் என்போம், அவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். 2010-இல் சேர்ந்தவர். 2009 ஜூன் 1-க்கு முன்னால் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370, பின்னால் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே படிப்பு, ஒரே வேலை. ஒரு நாள் பிந்தினாலும் 3,170 ரூபாய் பள்ளம், ஒவ்வொரு உயர்விலும் அந்தப் பள்ளமும் கூடவே வருகிறது. சமவேலைக்குச் சம ஊதியம் என்று சென்னையில் உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர்.

பாராட்டு என்று பேசுகிறோமே, இதுவும் அதில் சேர்த்திதான். ஓய்வு பெறும் நாளில் கொண்டாடுகிறோம், வேலை பார்க்கிற நாளில் 3,170-ஐ யார் கேட்கிறார்கள்? டீச்சர் 2003 ஜூலையில் நடந்த அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் இருந்தவர். ஒரே உத்தரவில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பணிநீக்கம் செய்தார்களே, அதில் இவரும் அடக்கம். பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் ஊரில் சிலர் “நல்லா வேணும், சம்பளம் வாங்கிட்டுச் சும்மா இருந்தவுகதானே” என்று பேசியதை அவர் இன்னும் மறக்கவில்லை. பேசியவர்களில் இருவர் விழாக் குழுவில் இருக்கிறார்கள்.

11 மே, காலை 10.20

விழா முடிந்தது. சுருக்கமாக. வரவேற்புரை நீளம், மைக் இரண்டு தடவை நின்றது, கல்விச் சீரில் பதினைந்து தட்டு, பீரோ ஒன்று, மின்விசிறி இரண்டு. பேனரில் அருவியும் இல்லை, புறாவும் இல்லை. நடுவில் ‘படம் மடம் பட்டம் மட்டம்’ என்று சிலேட்டு எழுத்தில் போட்டேன், கீழே ‘ஒன்றாம் வகுப்பு, 1988–2025’. வெளியூர்க்காரர்கள் அச்சுப் பிழை என்று நினைத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சிறப்பு விருந்தினர் மெழுகுவர்த்தி என்று தொடங்கினார், தடுக்க முடியவில்லை.

அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில், 1991-இல், எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்களே, அப்போது டீச்சரோடு சேர்ந்து பழகி, இரவு வகுப்பில் எழுத்தும் கற்ற ஒரு பாட்டி மேடையேறினார். பேசச் சொன்னார்கள். “நானும் இவுகளும் ஒண்ணா வுழுந்தோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அன்றைக்குக் கேட்டதிலேயே நல்ல பேச்சு.

13 மே

மோதிரம்? வாங்கவில்லை. அந்தப் பணத்தில் என்ன செய்வது என்று குழுவில் இன்னும் சண்டை.

8 ஜூன், இரவு 9.45

பள்ளி 2-ஆம் தேதி திறந்தது. டீச்சர் இடம் காலி. மனு போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை இருக்கிறது. பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப் பணியில் ஒருவர் வாரம் சில நாள் வருகிறார், அங்கேயும் ஆள் பற்றாக்குறை. மற்ற நாட்களில் சின்ன சார் ஒருவரே ஐந்து வகுப்பும். டீச்சர் தினமும் வந்து உதவுகிறாரா என்று கேட்கிறீர்கள். இல்லை. திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், பேரன் பிறந்திருக்கிறான். அவர் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம், அரசு போட வேண்டிய ஆளை அவர் தலையில் கட்டக் கூடாது. போகும்போது ஈர்க்குச்சியைச் சின்ன சாரிடம் கொடுத்தாரா என்று ஒருவர் உருக்கமாகக் கேட்டார். ஈர்க்குச்சி விளக்குமாற்றில் இருக்கிறது சார், வேண்டுமென்றால் ஒடித்துக்கொள்வார்.

ஒரு நல்ல செய்தி. கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்த அம்மா, வேனில் போய்க்கொண்டிருந்த தன் பேத்தியை இங்கே சேர்த்துவிட்டார். வேறு யாரும் சேர்க்கவில்லை.

6 செப்டம்பர், இரவு 10.00

இந்த இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன். நேற்று ஆசிரியர் தினம், அதற்கு நான்கு நாள் முன்பு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பணியில் இருப்பவர்களும் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும், இரண்டு வருட அவகாசம். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வு வேண்டுமானால் அவர்களும் எழுத வேண்டும். டீச்சர் தப்பித்தார். சின்ன சார் எழுத வேண்டும். தகுதி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பதினைந்து வருடம் வகுப்பு நடத்தியவரிடம், வகுப்பறைக்குள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்காமல் 150 கேள்வி கொண்ட ஒரு தாளை நீட்டுவதுதான் இடிக்கிறது.

காலி இடம் இன்னும் காலிதான். இரண்டாவது மனு கொடுத்திருக்கிறோம். மோதிரப் பணச் சண்டை தீர்ந்தது, ஒன்றாம் வகுப்புக்கு ஒரு தற்காலிக ஆளுக்கு மாதச் சம்பளமாகப் போகிறது. டி.டி.எட். என்கிற ஆசிரியர் பயிற்சி முடித்த உள்ளூர்ப் பெண். திருப்பூரிலிருந்து டீச்சர் போனில் பெருவிரல் வித்தையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பாதி புரிந்ததாம், மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும்.

சின்ன சார் கடைக்கு வந்திருந்தார். பழைய டெட் தாள் 1 வினாத்தாள்கள், குறிப்பாகக் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் பகுதி, யாரிடமாவது இருந்தால் இங்கேயே ஏற்றுங்கள். இலவசமாகப் பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.